ஒடுக்கு எடுப்பவருக்கு ஒரு நற்சான்றிதழ்

காக்கி புக்கிட். கார்கள் சரிவேறி
நான்காம் மாடிக்கு வரும் கட்டடம்.
முதலாளி குவெக் சொல்லச் சொல்ல
நான் தட்டச்சிட்டேன்:
சேவுகப்பெருமாள், பதினோரு வருடம்,
‘பை டிண்ட் ஆஃப்’ கடும் உழைப்பு,
ஒடுக்கு எடுப்பவர்களுக்குத் தலைவரானார்.

அந்த மூன்று சொல் வரும்போது மட்டும்
டை இல்லாத கழுத்தில்
டையைச் சரிசெய்துகொண்டார் குவெக்.
பள்ளிக் கட்டுரைக்கு மனப்பாடம் செய்ததாம்.
நாற்பது வருடம் பூட்டி வைத்த நாணயம்,
இன்றைக்குத்தான் செலவு.

மதியம்,
கையெல்லாம் கிரீஸ் என்பதால்
தாளைத் தொடாமல் குனிந்து படித்தார் சேவுகப்பெருமாள்.
“அக்கா, எழுத்துப்பிழை.
டென்ட்னுதானே வரணும்?”
பெயின்ட் அடிக்கிற பையன்கள் சிரித்தார்கள்.
நானும் கொஞ்சம்.

அவர் போன பிறகு அகராதியைத் திறந்தேன்.

டிண்ட் என்றால் முதலில் அடி.
வாள் விழுந்த அடி, கோல் விழுந்த அடி.
பிறகு அடி விட்டுப்போன பள்ளம்.
பிறகு அடிக்கிற வலு.
கடைசியில் தேய்ந்து தேய்ந்து
‘அதன் வலுவால், அதைக் கொண்டே’ என்கிற
கோட்டு மாட்டிய அர்த்தம்.
டென்ட் அதன் உடன்பிறப்பு,
பட்டறையிலேயே தங்கிவிட்டது.

இன்னொன்றும் போட்டிருந்தது.
இந்தச் சொல் இப்போது தனியே எங்கும் போவதில்லை.
முன்னால் ஒரு பை, பின்னால் ஓர் ஆஃப்,
நடுவில் கைத்தாங்கலாக வருகிறது.
பக்கம் இல்லாமல் நம்ம அக்கம்
வெளியே தலைகாட்டாத மாதிரி.
அதிர்ஷ்டத்தோடு அதைச் சேர்த்தால்
காதுக்கு ஒட்டாது.
விடாமல் முட்டியதற்கு,
திரும்பத் திரும்ப முட்டியதற்கு மட்டும்.

மூன்றரை மணிக்கு டீ.
“பிழை இல்லை, ரெண்டும் ஒண்ணுதான்” என்றேன்.
அவர் ஆச்சரியப்படவில்லை.
“வீட்டுக்காரிக்குப் போன்ல படிச்சுக் காட்டணும்,
தமிழ்ல என்ன போடலாம்?”

உழைப்பால் என்று போட்டேன்.
ஓர் ஆல், முடிந்தது வேலை.
குவெக்கின் டை காணாமல் போய்விட்டது.
உழைப்பின் பலத்தால்?
தேர்தல் சுவரொட்டி.
உழைப்பின் வலியால் என்று எழுதிவிட்டு,
வலி என்றால் பழைய தமிழில் வலிமைதான்,
தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று
விளக்க வாயெடுத்தேன்.

அவர் தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நகம் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு பள்ளம்.

“அதுவே இருக்கட்டும்” என்றார்.

கடிதம் எங்கேயும் போகவில்லை.
புது பாஸுக்கான விண்ணப்பத்தை
இணையத்தில் நானேதான் நிரப்பினேன்.
சம்பளத்துக்கு ஒரு கட்டம்,
படிப்புக்கு ஒரு கட்டம்,
வயதுக்கு ஒன்று.
எந்தக் கட்டத்திலும்
டிண்ட் நுழைய இடமில்லை.
குவெக்கிடம் சொல்லவில்லை நான்.
பதில் இன்னும் வரவில்லை.

சேவுகப்பெருமாள் அதை நாலாக மடித்து
சுத்தியல் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறார்.
டேப்பின் மேல் எண்ணெய்க் கைரேகை.

இன்று ஒரு டாக்சிக் கதவு வந்திருக்கிறது.
யாரோ தூணில் இடித்தது, சட்டி மாதிரி குழி.
வெளியே இரும்புக் கட்டையை அணைகொடுத்து
உள்ளிருந்து தட்டுகிறார்.
அடி விழுந்த பக்கம் அடிக்கக்கூடாதாம்,
பின்னாலிருந்து, மெதுவாக,
உலோகத்துக்குப் பழைய வடிவம் ஞாபகம் வருகிறவரைக்கும்.

சத்தம் டிண்ட் என்று கேட்கவில்லை.
ணங், ணங் என்றுதான்.
நான் எண்ணிக்கொண்டே
இந்த மாதச் சம்பளப் பட்டியலைத் தட்டுகிறேன்.